பழைய பாக்கி



எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், புதிதாக இரண்டு மிஷின் வாங்க வங்கியில் கடன் கேட்டுப் போனார். சீட்டுப் பணத்தில் ஒரு மாதம்கூடத் தவறாதவர். ஆனால் வங்கியில், "உங்க சிபில் சரியில்லைம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். விசாரித்தால், ஆறு வருடத்துக்கு முன் தம்பி டூவீலர் லோன் வாங்கியபோது அக்கா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தம்பி கடைசி நாலு தவணையைக் கட்டவில்லை. வண்டி பழைய இரும்புக்கே போய்விட்டது. பாக்கி மட்டும் அக்கா பெயரில் நின்றது. "சாட்சிக் கையெழுத்துன்னுதான் நெனச்சேன்" என்று அவர் சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை. ஜாமீன்தாரர் சாட்சி அல்ல. கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு அவருக்கும் உண்டு என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்.

பழைய பாக்கி இருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, பணம் கட்டுவதல்ல; கடன் அறிக்கையைப் பார்ப்பது. சிபில் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, நம் கடன் வரலாற்றை வைத்திருப்பவை நான்கு நிறுவனங்கள்: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுபவர்கள் இவர்கள்தான். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். எடுத்துப் பார்த்தால், என்றோ கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கி என்று இருக்கலாம். நீங்கள் வாங்காத கடனே உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கலாம். உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு.

பாக்கி உங்களுடையதுதான் என்றால், அடுத்து வருவதுதான் பலர் சறுக்கும் இடம். வசூல் செய்பவர் போனில் சொல்வார்: "எண்பதாயிரம் நிக்குது, முப்பதாயிரம் கட்டுங்க, முடிச்சுடலாம்." கேட்கச் சுகமாக இருக்கும். கட்டியதும் அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும். முழுவதும் கட்டி முடித்திருந்தால் ஏறுவது 'க்ளோஸ்டு'. அடுத்து உங்களுக்குக் கடன் கொடுக்க வருபவர் 'செட்டில்டு' என்ற சொல்லைப் பார்த்தால், இவர் பாதியில் விட்டவர் என்றே எடுத்துக்கொள்வார். ஆகவே முதலில் கணக்கு விவரம் கேளுங்கள். அந்த எண்பதாயிரத்தில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு? அபராதத்தைத் தள்ளச் சொல்லிக் கேளுங்கள். தள்ளினாலும் 'க்ளோஸ்டு' என்றுதான் பதிவு செய்வார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

முழுத் தொகையைப் புரட்டவே முடியாத வீடுகள் உண்டு. பிள்ளையின் பள்ளிக் கட்டணமா, பழைய கார்டு பாக்கியா என்று நிற்பவரிடம் முழுதும் கட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் செட்டில்மென்ட் செய்துகொள்ளட்டும். ஆனால் பணத்துக்கு முன் கடிதம் கைக்கு வர வேண்டும். வங்கியின் லெட்டர்ஹெட்டில், தொகை, தேதி, இதற்குமேல் எந்தப் பாக்கியும் கேட்கமாட்டோம் என்ற உறுதி. பணம் கடன் கணக்கில் விழ வேண்டும். வசூல் செய்பவரின் சொந்த நம்பருக்கு ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்திலும் பேசி முடிக்கலாம். அங்கே செலவு கிடையாது, தீர்ப்பே இறுதி.

"மூணு வருஷம் ஆனா கடன் செத்துப்போயிடும்" என்று டீக்கடையில் சொல்வார்கள். 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, சாதாரணக் கடனுக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் கெடு, உண்மை. ஆனால் போவது வழக்குப் போடும் உரிமை. கடன் போவதில்லை, அறிக்கையில் உள்ள கறையும் உடனே போவதில்லை. கெடுவுக்குள் கடன் உண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். அதனால் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடன் பாக்கி இருக்கிறது என்பதற்காக உங்களை அவமானப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. வசூல் செய்பவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது. உறவினர்கள் முன் கேவலப்படுத்தக் கூடாது. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். விவரம் கேட்க எண் 14448. வெட்கப்பட்டு போனை அணைத்து வைப்பவர்களைத்தான் வட்டி அதிகம் தின்கிறது.

முடித்த பிறகு மதிப்பெண் ஒரே வாரத்தில் ஏறாது, மாதங்கள் ஆகும். "சிபிலை ஏற்றித் தருகிறோம்" என்று பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. சிறிய டெபாசிட் வைத்து, அதன்மேல் ஒரு கார்டு வாங்கி, கொஞ்சமாகச் செலவழித்து, மாதாமாதம் முழுதும் கட்டி வாருங்கள்.

எங்கள் தெரு அக்கா அந்த நாலு தவணையையும் வட்டியோடு கட்டி, நோ டியூஸ் சான்றிதழ் வாங்கிவிட்டார். நீங்களும் யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தக் கடன் முடிந்துவிட்டதா என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.