குண்டு விழுந்த தூரம் வரைக்கும்: எலைஹூ யேல் கதை

அண்ணாமலை நகர் ஹாஸ்டல்ல இருக்கறவங்க லீவு நாள்ல கடலூர் சில்வர் பீச்சுக்குப் போயிருப்பீங்க. அந்த இடத்தோட பழைய பேர் தேவனாம்பட்டினம். பக்கத்துலயே கெடிலம் ஆத்தங்கரையில செயின்ட் டேவிட் கோட்டையோட மிச்சம் இருக்கு. அந்தக் கோட்டையைக் கம்பெனிக்காக வாங்கின எலைஹூ யேல் பத்திதான் இன்னிக்கு எபிசோட்.

யேல் 1649ல அமெரிக்காவுல, பாஸ்டன்ல பிறந்தார். சின்னக் குழந்தையிலயே குடும்பத்தோட இங்கிலாந்து வந்துட்டார். 1672ல சென்னைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி குமாஸ்தாவா வந்தவர், 1687ல கவர்னர்.

1690ல செஞ்சியில இருந்த மராட்டிய அரசர் ராஜாராமுக்கு, முகலாயப் படையைச் சமாளிக்கப் பணம் வேணும். தேவனாம்பட்டினம் கோட்டையை விக்கறார். ஒப்பந்தத்துல ஒரு வினோதமான நிபந்தனை: கோட்டையிலிருந்து பீரங்கியால சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போய் விழுதோ, அதுவரைக்கும் உள்ள நிலம் முழுக்கக் கம்பெனிக்கு. யேல் சும்மா இருப்பாரா? சென்னையிலிருந்து நல்ல பித்தளை பீரங்கியும் கைதேர்ந்த பீரங்கிக்காரரும் வந்தாங்க. பல திசையிலயும் சுட்டாங்க. கடலூர் ஊரே அந்த வட்டத்துக்குள்ள வந்துடுச்சு. அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமம்'னே பேர் நின்னுடுச்சு. வித்தவருக்குப் பணம், வாங்கினவருக்கு நிலம். நடுவுல உழுதவங்க, நெய்தவங்க, மீன் பிடிச்சவங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. காலையில எழுந்தா முதலாளி மாறியிருக்கார், அவ்வளவுதான்.

கோட்டைப் பேருக்கு ரெண்டு கதை உண்டு. வேல்ஸ் நாட்டுப் புனிதர் டேவிட் பேர்னு ஒண்ணு. 1688ல நாலு வயசுகூட நிறையாம இறந்துபோன யேலோட பையன் டேவிட் பேர்னு இன்னொண்ணு. அந்தப் பையனோட கல்லறை சென்னை ஹைகோர்ட் வளாகத்துல இருக்கு.

கம்பெனி வேலையில இருந்துக்கிட்டே சொந்தக் கணக்குல சொத்து சேர்த்தார்னு புகார் வந்து, 1692ல யேல் பதவி போச்சு. சொத்து போகல! 1699ல இங்கிலாந்து திரும்பினார். வேல்ஸ்ல பிளாஸ் குரோனோனு குடும்ப எஸ்டேட். 1704ல அங்க டென்பிஷயருக்கு ஷெரிப்.

1718ல அமெரிக்காவுல பணமில்லாம தவிச்ச ஒரு காலேஜுக்கு 9 மூட்டைச் சரக்கும், 417 புத்தகமும், ஒரு ராஜா படமும் அனுப்பினார். சரக்கை வித்ததுல ஏறக்குறைய 562 பவுண்ட் கிடைச்சுது. காலேஜுக்கு யேல்னு பேர் வெச்சாங்க. நம்ம அண்ணாமலைச் செட்டியார் 20 லட்சம் ரூபாய் குடுத்துத்தான் பல்கலைக்கழகத்துக்கு அவர் பேர் வந்துச்சு. யேலுக்கு ரொம்ப சல்லிசா கிடைச்சுடுச்சு, இல்லையா?

இன்னொண்ணையும் சொல்லணும். ஐரோப்பா போற ஒவ்வொரு கப்பல்லயும் குறைஞ்சது 10 அடிமைகளை ஏத்தணும்னு முடிவெடுத்த சென்னைக் கூட்டத்துல யேலும் இருந்தார். அமெரிக்காவுல அந்தப் பல்கலைக்கழகம், அடிமை முறையோட தனக்கிருந்த தொடர்புக்கு 2024லதான் மன்னிப்புக் கேட்டுது. கடலூர்ல இந்தப் பேச்சையே நான் கேட்டதில்ல.

கோட்டையை 1758ல பிரெஞ்சுக்காரங்க தகர்த்துட்டாங்க. உங்க ஊர் அந்தக் குண்டு வட்டத்துக்குள்ள வருதா? வீட்டுப் பெரியவங்க இதைப் பத்தி என்ன சொல்லியிருக்காங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடறேன்.