ஒற்றைத் தடம், பல கைகள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ரயில்வேயில் இத்தனை வருஷம் இருந்தீங்க, பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். அறிவுரை சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். தோட்டத்தில் சின்னத் தண்டவாளம் போட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, நிஜ ரயில்வே மாதிரியே கால அட்டவணை வைத்து ரயில் ஓட்டுகிற விளையாட்டு.

பொம்மை ரயில் என்றதும் வட்டமாகச் சுற்றுமே, அதுதான் ஞாபகத்துக்கு வரும். பூனாவில் ஜோஷி அவர்களின் மினியேச்சர் ரயில்வே மியூசியம் 1998 முதல் இருக்கிறது. அழகான வேலைப்பாடு, எல்லோரும் பார்க்க வேண்டியது. ஆனால் அது நாம் உட்கார்ந்து பார்க்கிற ரயில். நான் சொல்வது நாமே நடத்துகிற ரயில். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்லூரி மாணவர்கள் 1946-ல் இப்படி ஒரு மாதிரி ரயில் கிளப் ஆரம்பித்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் டெலிபோன் ரிலேக்களை வைத்து சிக்னல் வேலை செய்த அந்தப் பிள்ளைகளில் சிலர்தான் பின்னால் கம்ப்யூட்டர் பக்கம் போனார்கள். 'ஹேக்கர்' என்ற வார்த்தை இன்றைய அர்த்தத்தில் பரவியதற்கு அந்த கிளப்பும் ஒரு காரணம். ஆகவே இதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

நமக்கு இன்னொரு விசேஷம் இருக்கிறது. ஜெர்மனியில் லேமான் கம்பெனி 1968-ல் தோட்ட ரயிலுக்கென்று 45 மில்லிமீட்டர் பாதையைக் கொண்டு வந்தது. அளவு விகிதம் 1-க்கு 22.5. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டரை 22.5-ஆல் வகுத்தால் 44.4 மில்லிமீட்டர். அதாவது அது அச்சு அசல் மீட்டர்கேஜ்! 1927-ல் திறந்த நம்ம விருதுநகர் - தென்காசி பாதை, 2004-ல் அகலப்பாதையாக மாறும் வரைக்கும் மீட்டர்கேஜ்தான். ராஜபாளையத்துப் பஞ்சு மூட்டையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த ஆடிப்பூரக் கூட்டமும் ஏறி இறங்கிய பாதை அது. இன்று தமிழ்நாட்டில் மீட்டர்கேஜ் வண்டியில் ஏற வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் போய் ஊட்டி மலை ரயிலைத்தான் பிடிக்க வேண்டும். நம்ம பாதையைத் திரும்பக் கொண்டுவர வேறு வழியில்லை. ஒரு தோட்டத்தில் கொண்டுவரலாம்.

சரி, எப்படி நடத்துவது?

முதலில் ஊரைச் சுருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் சுமார் 11 கிலோமீட்டர். அதை 22.5-ஆல் வகுத்தாலும் அரை கிலோமீட்டர் வருகிறது. அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் 25 மீட்டர் போதும். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் என்று நாலு ஸ்டேஷன். ஒவ்வொன்றிலும் ஒரு மெயின் லைன், ஒரு லூப் லைன். இரண்டு முனையிலும் வண்டிகள் தங்கி நிற்க விருதுநகர், தென்காசி என்று இரண்டு யார்டு.

தூரத்தைச் சுருக்கினால் நேரத்தையும் சுருக்க வேண்டும். நிஜக் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் என்றால் விளையாட்டுக் கடிகாரத்தில் நாலு நிமிஷம். ஒன்றரை மணி நேரம் விளையாடினால் ஆறு மணி நேரப் போக்குவரத்து முடிந்துவிடும். டிரைவர் கையில் கண்ட்ரோலை வைத்துக்கொண்டு ரயிலோடு கூடவே மெதுவாக நடப்பார். அட்டவணையைக் காகிதத்தில் முதலில் எழுதாதீர்கள். ஒவ்வொரு வண்டியையும் ஓட்டிப் பார்த்து, எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு, அப்புறம் எழுதுங்கள்.

ஆட்கள்: ஒரு கண்ட்ரோலர், நாலு ஸ்டேஷன் மாஸ்டர், முனைக்கு ஒருவராக இரண்டு பேர், நாலு டிரைவர், கூட்ஸ் வண்டிக்கு ஒரு கார்டு. ஆக 12 பேர். கூட்ஸ் வண்டிக்கு ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு சீட்டு உண்டு. "பஞ்சு, ராஜபாளையம் மில் சைடிங்", "தீப்பெட்டி, சிவகாசியிலிருந்து" என்று எழுதியிருக்கும். கார்டு அதைப் பார்த்து ஷண்டிங் செய்ய வேண்டும். இந்தச் சீட்டு முறை 1961 முதல் அமெரிக்க மாதிரி ரயில்காரர்களிடம் புழக்கத்தில் இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம், டோக்கன். இங்கே வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். பிரம்பு வளையத்தில் ஒரு தோல் பை, அதற்குள் ஒரு இரும்புப் பந்து. ஓடுகிற வண்டியில் டிரைவர் கையை நீட்டி அதை வாங்கிக்கொள்வார். ஏதோ வித்தை மாதிரி தெரியும். உண்மையில் அந்தப் பந்துதான் உயிர். அந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே உள்ள தடம் இப்போது இந்த வண்டிக்கு மட்டுமே சொந்தம் என்பதற்கு அது அத்தாட்சி. இரண்டு ஸ்டேஷனிலும் ஆளுக்கொரு கருவி, இரண்டுக்கும் மின் இணைப்பு. உள்ளே பல பந்துகள் இருக்கும். ஆனால் அடுத்த ஸ்டேஷன்காரர் ஒத்துழைக்காமல் ஒரு பந்தும் வெளியே வராது. ஒன்று வெளியே வந்துவிட்டால், அது ஏதாவது ஒரு பெட்டிக்குள் திரும்பப் போகிற வரைக்கும் அடுத்த பந்து எந்தப் பக்கமும் வராது. எவ்வளவு எளிமை பாருங்கள்!

இது சும்மா வந்துவிடவில்லை. 1874-ல் இங்கிலாந்தில் நார்விச் பக்கத்தில் தோர்ப் என்ற இடத்தில் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில் நேருக்கு நேர் மோதியது. தந்தி அனுப்புவதில் ஏற்பட்ட குழப்பம்தான் காரணம். அதற்குப் பிறகு 1878-ல் எட்வர்ட் டையர் என்பவர் இப்படிப்பட்ட மின் டோக்கன் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டிலும் 2004 டிசம்பரில் பஞ்சாபில் முகேரியன் அருகே இரண்டு வண்டிகள் மோதி முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கேயும் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையே தகவல் பரிமாற்றத்தில்தான் கோளாறு. ஒற்றைத் தடத்தில் வார்த்தை தடுமாறினால் உயிர் போகும். இன்று பல இடங்களில் பந்து போய் வேறு கருவிகள் வந்துவிட்டன. தத்துவம் அதேதான்.

விளையாட்டில் இது எப்படி வருகிறது என்று ஒரு உதாரணம் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பாசஞ்சர் மெயின் லைனில் வந்து நிற்கிறது. ராஜபாளையம் போக வேண்டும். எதிரே ராஜபாளையத்திலிருந்து கூட்ஸ் வர வேண்டும். ஷண்டிங்கில் நேரமாகி, கால் மணி லேட்டாக இப்போதுதான் கிளம்பியிருக்கிறது. ஆக ஸ்ரீவில்லிபுத்தூரில் காலியாக இருப்பது லூப் லைன் ஒன்றுதான். அந்த நேரம் பார்த்து சிவகாசிக்காரர் போன் போடுகிறார்: "சார், மெயில் வந்துடுச்சு, லைன் கிளியர் குடுங்க." கண்ட்ரோலரும், "மெயில் லேட்டாகுது, வாங்கிக்கங்க" என்று அவசரப்படுத்துகிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன் மாஸ்டர் என்ன செய்ய வேண்டும்?

மெயிலை லூப்பில் வாங்கிக்கொண்டார் என்று வையுங்கள். இரண்டு லைனும் நிறைந்துவிட்டது. கூட்ஸ் வந்து சிக்னலுக்கு வெளியே நிற்கும், உள்ளே வர இடமில்லை. பாசஞ்சரும் மெயிலும் ராஜபாளையம் போக முடியாது, தடத்தில் கூட்ஸ் நிற்கிறது. மூன்று வண்டியும் முடிச்சு. யாராவது ஒருவர் பின்னால் தள்ளிக்கொண்டு போனால்தான் அவிழும்.

அதனால் அவர் சொல்ல வேண்டிய ஒரே பதில்: "இப்ப முடியாது சார். கூட்ஸ் உள்ளே வரட்டும். பாசஞ்சர் போகட்டும். அப்புறம் மெயிலை வாங்கிக்கிறேன்." கூட்ஸ் லூப்பில் வரும், பந்து பெட்டிக்குள் போகும், பாசஞ்சருக்கு வேறு பந்து வரும், மெயின் லைன் காலியாகும், மெயில் வரும், பிறகு கூட்ஸ் சிவகாசிக்குக் கிளம்பும். எல்லாம் ஓடிவிடும். மெயிலுக்குக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

வண்டிகள் எந்த வரிசையில் போக வேண்டும் என்று சொல்வது கண்ட்ரோலர். ஆனால் பாதுகாப்புக்குப் பொறுப்பு ஸ்டேஷன் மாஸ்டர்தான். மேலே இருப்பவர் அவசரப்படுத்தும்போது, பணிவாக, ஆனால் உறுதியாக "இப்ப முடியாது" என்று சொல்வது லேசான காரியமில்லை. அதற்குப் பழக்கம் வேண்டும். உயிர்ச்சேதம் இல்லாத இடத்தில் அந்தப் பழக்கத்தைக் கொடுப்பதுதான் இந்த விளையாட்டின் பெரிய பலன். நீங்கள் நாளைக்கு ஆஸ்பத்திரியிலோ, மில்லிலோ, பாங்க்கிலோ, கம்ப்யூட்டர் கம்பெனியிலோ வேலைக்குப் போகலாம். இதே சூழ்நிலை அங்கேயும் வரும்.

வெளியில் நடத்துவதால் சில தொல்லைகள் உண்டு. நம்ம ஊர் வெயில் ஒன்று. பித்தளைத் தண்டவாளம் 10 மீட்டர் நீளத்துக்கு, 40 டிகிரி சூடு ஏறினால் ஏழெட்டு மில்லிமீட்டர் நீளும். இடைவெளி விடாமல் இறுக்கிப் போட்டால் பாம்பு மாதிரி வளைந்துவிடும். மாலை நாலு மணிக்கு ஆரம்பியுங்கள். மலைக்காற்று அடித்தால் சருகு வந்து விழும், ஆகவே ஆட்டத்துக்கு முன்னால் தடம் முழுக்க ஒருவர் பெருக்கிக்கொண்டே நடக்க வேண்டும். நிஜ ரயில்வேயில் கேங்மேன் செய்கிற வேலை அது. மரியாதையான வேலை. பாட்டரியில் ஓடும் எஞ்சினாக இருந்தால் தண்டவாளத்தில் தூசி படிந்தாலும் கவலையில்லை.

ஆட்டம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். மோர் குடித்துக்கொண்டே இருபது நிமிஷம் பேசுங்கள். "யார் தப்பு?" என்று பேசக் கூடாது. "முடிச்சு எங்கே விழ ஆரம்பித்தது?" என்று பேச வேண்டும். பெரும்பாலும் முடிச்சு தெரிந்த இடத்தில் விழுந்திருக்காது. இரண்டு ஸ்டேஷனுக்கு முன்னால், அரை மணி நேரம் முன்னாலேயே விழுந்திருக்கும். அடுத்த தடவை ஆளை மாற்றிப் போடுங்கள். கண்ட்ரோலராக இருந்தவர் டிரைவராகட்டும். அப்போதுதான் சிக்னலில் காத்துக் கிடப்பவன் கஷ்டம் புரியும்.

ஆண்டாள் தேரில் வடம் பிடிக்கிறவர் வேறு, சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர் வேறு. கட்டை போடுகிறவருக்கு முன்னால் கூட்டம் தெரியாது, வடம் பிடிக்கிறவருக்குப் பின்னால் சக்கரம் தெரியாது. இருந்தும் தேர் தெரு முனையில் திரும்புகிறது. ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்து, அடுத்தவர் சைகையை நம்புவதால்தான் திரும்புகிறது. இது நமக்குப் புதுசு இல்லை.

"எல்லாம் சரி சார், எஞ்சின் விலை என்ன?" என்று பின் வரிசையில் ஒரு தம்பி கேட்பது காதில் விழுகிறது. விலை அதிகம்தான். ஆனால் எஞ்சின் இல்லாமலே ஆரம்பிக்கலாம். கல்லூரி மைதானத்தில் சுண்ணாம்புத் தூளில் தடம் போடுங்கள். நாலு மாணவர்கள் ரயிலாக நடக்கட்டும். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு டென்னிஸ் பந்து. பந்து கையில் இல்லாதவர் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. அட்டவணை, கடிகாரம், செல்போன், ஒரு விசில். செலவு அதிகம் ஆகாது. ஒரே பந்தை வைத்து ஒரே திசையில் இரண்டு வண்டியை அடுத்தடுத்து அனுப்ப முடியவில்லையே என்று திணறுவீர்கள். அப்போது எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் அந்த இரட்டைப் பெட்டியைத் தாங்களே செய்து பார்க்கட்டும். நல்ல ப்ராஜெக்ட். தண்டவாளம் அப்புறம் வரட்டும்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீட்டர்கேஜ் காலத்தில் பந்து எடுத்துக் கொடுத்த கைகள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்னும் இருக்கின்றன. வயதாகிக்கொண்டு வருகிறது. உங்கள் அப்பாவோ, பெரியப்பாவோ, பக்கத்து வீட்டுத் தாத்தாவோ அப்படி யாராவது இருந்தால், அந்த மைதானத்துக்கு ஒரு மாலை அழைத்து வாருங்கள். புத்தகத்தில் கிடைக்காததை அவர்கள் ஐந்து நிமிஷத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். பணம் கொடுப்பதைவிட இது பெரிய உதவி.