ஒழுகும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் வேறொன்று

(தோட்டத் தலைவர், தலைவிமாருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



மே மாதம் தென்மேல் பருவ மழை தொடங்கிவிடும். அதோடு எல்லா டிவிசனிலிருந்தும் ஒரே முறைப்பாடு வரும்: "காம்பிரா ஒழுகுது, தகரம் வேணும்." நாம் போய்ப் பேசுவோம். நிர்வாகம் நாலு தகரம் தரும். அடித்து முடித்த பிறகும் ஒழுகும். தகரமும் போய், நம் பேச்சின் பலமும் போய்விடும். ஆகவே தகரம் கேட்பதற்கு முன் ஏன் ஒழுகுகிறது என்பதை நாம் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலாவது, தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். உள்ளே இறங்கிய தண்ணீர் தகரத்தின் அடியிலும் சலாகையிலும் ஓடி, வேறோர் இடத்தில் சொட்டும். சொட்டும் இடத்திலிருந்து முகட்டுப் பக்கமாகத் தேடுங்கள். வெயில் நேரத்தில் கதவு, ஜன்னலைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள். ஓட்டை வெளிச்சப் புள்ளியாகத் தெரியும்.

இரண்டாவது, எப்போது ஒழுகுகிறது என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். சிறு தூறலுக்கே ஒழுகினால் ஓட்டையோ ஆணித் துவாரமோ இருக்கும். காற்றோடு அடிக்கும் மழைக்கு மட்டும் ஒழுகினால், தகரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவு போதவில்லை, அல்லது முகட்டுத் தகரம் தூக்கி நிற்கிறது. பெருமழையில் சுவரோரம் மட்டும் நனைந்தால் பீலி அடைத்திருக்கும். மழையே இல்லாத குளிர்காலை வேளையில் சொட்டினால் அது ஒழுக்கே அல்ல. அடுப்பின் ஆவியும் மூச்சுக்காற்றும் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகின்றன. அதற்குத் தேவை காற்று போக வழியும் புகைக்கூடும்தான். புதுத் தகரம் போட்டாலும் அது நிற்காது.

மூன்றாவது, ஆணியைப் பாருங்கள். நெளித் தகரத்தில் ஆணி மேட்டில் அடிக்கப்பட வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஓடும் தண்ணீர் முழுவதும் அந்தத் துவாரத்தைக் கடந்தே போகும். ரப்பர் வாசர் வெடித்திருந்தாலும் ஒழுகும். ஆணி ஆடினால் அடியிலுள்ள மரத்தைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். கத்தி மெதுவாக இறங்கினால் மரம் உக்கிவிட்டது. உக்கிய மரத்தில் புதுத் தகரம் அடித்தால் அடுத்த காற்றில் அதுவும் பறக்கும். அங்கே முதலில் கேட்க வேண்டியது மரம்.

கையிலிருக்கும் காசுக்குத் தாரும் சீமெந்தும் வாங்கிப் பூசுகிறோம். தகரம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும். சீமெந்து அதோடு அசையாமல் வெடிக்கும். வெடிப்புக்குள் ஈரம் தங்கித் துரு பெருகும். தகரத்தின்மேல் வைக்கும் கல்லின் அடியிலும் இதுவே நடக்கிறது.

நான்காவது, லயத்துக்குக் கூரை ஒன்றுதான். மூன்றாம் காம்பிராவின் ஓட்டை நாலாம் காம்பிராவில் ஒழுகும். ஆளுக்கு நாலு தகரம் என்று பிரித்து வாங்கினால் இணைப்புகள்தான் கூடும், அயலுக்குள் சண்டையும் வரும். லயம் முழுவதற்குமாகக் கேட்க வேண்டும்.

இதற்காக யாரும் கூரையில் ஏற வேண்டாம். துருப்பிடித்த தகரம் ஆளைத் தாங்காது. கீழிருந்தே பார்க்கலாம். தண்ணீர் மின்சார வயரில் இறங்கினால் உடனே மெயின் சுவிட்சை அணைத்து, அன்றைக்கே நிர்வாகத்துக்கு அறிவியுங்கள்.

இனி ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு தாள் எழுதுவோம். காம்பிரா இலக்கம், ஒழுகும் நேரம், கண்ட காரணம், மாற்ற வேண்டிய தகரம் எத்தனை, மரம் எத்தனை அடி, பீலி எவ்வளவு என்று அதில் இருக்கட்டும். திகதி போட்டு, குடியிருப்போர் கையொப்பத்துடன் ஏப்ரல் மாதத்துக்குள் துரையிடம் கொடுங்கள். ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். "ஒழுகுது" என்றால் "பார்க்கலாம்" என்பார்கள். "முகட்டு மரம் 12 அடி உக்கியுள்ளது" என்று எழுதிக் கொடுத்தால் அப்படித் தட்டிக்கழிப்பது கடினம்.

சொந்தக் காணியில் தனி வீடு என்பதே நம் கோரிக்கை. அதை ஒருபோதும் விடமாட்டோம். ஆனால் லயம் தோட்டத்தின் சொத்தாக இருக்கும்வரை அதைத் திருத்தும் பொறுப்பும் தோட்டத்துடையதே. அந்த வீடு கைக்கு வரும்வரை நம் பிள்ளைகள் நனைந்த பாயில் படுக்கக்கூடாது.