தேரும் தவணையும்



பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் 583 அடிகள் கொண்ட நூல். நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே சுற்றத்தோடு வரும் கூத்தர்க்கு வழி சொல்கிறான். எங்கே வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், எந்தத் தினைப்புனத்தில் கவண்கல் பறந்து வரும் என்றெல்லாம் எச்சரிக்கிறான். கூட்டமாகப் போகும்போது அதில் மெல்ல நடப்பவரையும் மனத்திற் கொண்டே வழி வகுக்க வேண்டும் என்பதுதான் அந்நூலை வகுப்பில் கற்பிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது.

கண்டியில் வாழும் நமக்கு அவ்வாறான ஒரு பயணம் ஆடி, ஆவணியில் வருகிறது. இங்கே எசல பெரஹரா நிக்கினிப் பௌர்ணமியோடு முடிகிறது. அங்கே நல்லூர்த் திருவிழா, ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறி 25 நாட்கள் நடக்கிறது. ஒரே நிலவைப் பார்த்து நடக்கும் இரு விழாக்கள். ஆனால் பாடசாலைத் தவணை நிலவைப் பார்ப்பதில்லை.

2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஓகஸ்ட் 7இல் இரண்டாந் தவணை முடிந்தது. 8இல் பௌர்ணமி. 10இல் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை. 18இல் மூன்றாந் தவணை ஆரம்பம். நல்லூர்த் தேரோ 21இல். எங்கள் குடும்பத்திலே புலமைப்பரிசில் எழுதும் மகன் ஒருவன், நவம்பரில் உயர்தரம் எழுதும் மருமகள் ஒருத்தி, தேரைக் கண்ணால் காண வேண்டும் என்று நிற்கும் அம்மம்மா. பெரியப்பா வீட்டார், மாமி வீட்டார் என்று எல்லாருமாகப் பதினான்கு பேர், ஒரு வான்.

"நாலு நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்? காய்ச்சல் என்று ஒரு கடிதம் கொடுத்தால் போயிற்று" என்றார் பெரியப்பா. வகுப்பாசிரியராக அத்தகைய கடிதங்கள் பலவற்றை நான் வாங்கியிருக்கிறேன். காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளை, இடைவேளையில் தேரின் அழகைத் தோழருக்கு வர்ணிக்கும்! தவறிய பாடத்தைக் கொப்பி பார்த்து எழுதிக்கொள்ளலாம். பெற்றவரே சொல்லிக்கொடுத்த பொய்யை எந்தக் கொப்பியைப் பார்த்து அழிப்பது?

அதற்காகப் பயணமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பள்ளிப் பருவத்தில் யாழ்ப்பாணம் எனக்குக் கடிதத்தில் மட்டுமே இருந்தது. 1990இல் நின்ற யாழ்தேவி, மீண்டும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது 2014இல். கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடியும் 321 கிலோமீற்றர் ஏ-9 வீதி 2002இல் திறந்தது, 2006இல் மூடியது, போர் முடிந்த பிறகே மறுபடி திறந்தது. சொந்த மச்சானை இருபது வயது கடந்த பின் முதன்முதலாகப் பார்த்து, என்ன பேசுவதென்று தெரியாமல் நின்ற தலைமுறை எங்களுடையது. நம் பிள்ளைகளுக்கும் அந்த நிலை வரலாமா?

ஆகவே நாட்காட்டியை நடுவில் வைத்து எல்லாருமாக இருந்து பேசினோம். பிள்ளைகளையும் பேசவிட்டோம். "மூன்று நாளென்றால் வருவேன், புத்தகத்தோடு" என்றாள் மருமகள். முடிவு இதுதான்: பரீட்சைக்கு மறுநாள் 11இல் புறப்படுவது. மாத்தளை முத்துமாரியம்மனை வணங்கி, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி வழியாக நல்லூர். மூன்று நாள் மாலைத் திருவிழா. மருமகள் தன் தந்தையோடு 14இல் பஸ்ஸில் திரும்புவாள். மற்றவர்கள் 16இல் வானில் திரும்புவார்கள். அம்மம்மா மட்டும் தங்கையின் வீட்டில் தங்கித் தேரும் தீர்த்தமும் பார்த்து வருவார்.

அம்மம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, தேர் எனக்கு இருக்கட்டும், பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கட்டும்" என்றார். பேரப்பிள்ளைகளோடு வடம் தொட வேண்டும் என்ற ஆசையை அந்த முதியவர் விட்டுக்கொடுத்தார். திட்டமிடுதல் என்று நாம் சொல்வதிலே இப்படி யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்தது எப்போதும் மறைந்திருக்கிறது. அதைப் பிள்ளைகள் அறியும்படி சொல்லிவைப்பது நம் கடமை.

நேயர்களே, அடுத்த ஆண்டின் தவணைத் திகதிகள் வெளிவந்ததும் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வானுக்கு முற்பணம் கொடுக்குமுன், வீட்டில் யாருக்குப் பரீட்சை, யாருக்கு முழங்கால் நோவு என்று கேளுங்கள். அன்றைய கூத்தருக்கு வழி சொல்ல எதிரே ஒருவன் வந்தான். நமக்கு நாமே வழி சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.