மூத்த மல்லரும் முளைக்கும் பயிரும்



மற்போர் என்றவுடன் மூத்த நேயர்கள் தாராசிங்கையும் கிங்கொங்கையும் நினைத்துக்கொள்வார்கள். இளையவர்களோ தொலைக்காட்சியிற் காணும் அமெரிக்க மல்லர்களின் பெயர்களை மனப்பாடமாக ஒப்புவிப்பார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த அமெரிக்க மற்போர் உலகில் நெடுங்காலமாகத் தீராதிருக்கும் ஒரு வழக்கினைப் பற்றியாகும். புதிதாகத் தோன்றிய ஒரு மற்போர்க் கம்பனி, தானே கண்டெடுத்து வளர்த்த இளைஞர்களை முன்னிறுத்த வேண்டுமா, அன்றி வேறிடத்திற் பெயரெடுத்து வந்து சேர்ந்த மூத்தவர்களை முன்னிறுத்த வேண்டுமா என்பதே அவ்வழக்கு.

இதனை ஆராயுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளல் நன்று. நான் கூறுவது ஒலிம்பிக் மற்போர் அன்று. இங்கே வெல்பவன் யார், தோற்பவன் யார் என்பதை நடத்துவோர் முன்னதாகவே தீர்மானித்துவிடுகின்றனர். அதனால் இஃது எல்லாம் வெறும் பொய் என்று தள்ளிவிடுவோரும் உளர். வெற்றி எழுதிவைத்ததாக இருக்கலாம். விழுகின்ற வீழ்ச்சி எழுதிவைத்ததன்று. பலகைமேல் முதுகு மோதும்போது நோவு மெய்யாகவே எடுக்கின்றது. கழுத்தும் முழங்காலும் ஆண்டுதோறும் மெய்யாகவே தேய்கின்றன.

உண்மையான போட்டியில் இவ்வழக்கே எழாது. அங்கே மூத்தவனை முதுமையே மேடையிலிருந்து இறக்கிவிடும். இளையவன் தன் வலியினால் ஏறிக்கொள்வான். எழுதிவைத்த மற்போரில் முதுமைக்கு அந்த அதிகாரம் இல்லை. ஐம்பது வயதுடையவன் தோற்க வேண்டுமாயின், எவரேனும் ஒருவர் அவனிடஞ் சென்று, "இன்றிரவு நீர் தோற்க வேண்டும்" என்று சொல்லியாக வேண்டும். சொல்பவருக்குத் துணிவு வேண்டும். கேட்பவருக்குப் பெருமனம் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும், வெளியே காத்து நிற்கும் இளைஞனுடைய நல்ல காலம் வீணே கழிகின்றது. அவனுக்கு உடல் இசைந்து கொடுக்கும் ஆண்டுகள் சிலவே. அவற்றைப் பின்னொரு நாள் எவரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

ரி.என்.ஏ. என்னும் கம்பனியின் கதையைச் சற்று விரிவாகவே பார்ப்போம். 2001ஆம் ஆண்டில், அதுகாறும் டபிள்யூ.டபிள்யூ.எவ். நிறுவனத்தோடு சரிக்குச் சரி நின்ற டபிள்யூ.சி.டபிள்யூ. விற்கப்பட்டு மறைந்தது. ஈ.சி.டபிள்யூ. என்னும் சிறிய நிறுவனமும் அதே ஆண்டில் முடிவெய்தியது. இந்த வெற்றிடத்தில், 2002ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் திகதி, அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் நகரில், ஜெரி ஜாரட், ஜெவ் ஜாரட் என்னும் தந்தையும் மகனும் ரி.என்.ஏ.யின் முதற் காட்சியை நடத்தினர். முதல் இரவில் உலகப் பட்டம் கென் ஷாம்றொக் என்னும் முன்பே பெயர்பெற்றவருக்குப் போயிற்று. அதிற் குற்றமில்லை. கடை திறக்கும் நாளில் வாசலில் தெரிந்த முகம் ஒன்று நிற்கவேண்டும். ஆனால், அந்தக் கடைக்கு மக்களைத் திரும்பத் திரும்ப வரச்செய்தவர் வேறொருவர். ஏ.ஜே. ஸ்டைல்ஸ் என்னும் இருபத்தைந்து வயது இளைஞர். பருமனை நோக்காது விரைவையும் துணிவையும் நோக்கிய 'எக்ஸ் பிரிவு' என்ற புதுப் பிரிவினை வைத்து, அதன் முதற் பட்டத்தை அவருக்கு வழங்கினர். 2004இல் நாற்கோண மேடையை அகற்றி அறுகோண மேடையை அமைத்தனர். 2005 செப்டெம்பரில் ஸ்டைல்ஸ், சமோவா ஜோ, கிறிஸ்தோபர் டானியல்ஸ் ஆகிய மூவரும் ஒரே மேடையில் மோதிய மும்முனைப் போரை இன்றும் இரசிகர்கள் வியந்து பேசுகின்றனர். வேறெங்கும் காணக் கிடைக்காத ஒன்று ரி.என்.ஏ.யிற் கிடைத்தது என்பதே அதன் பொருள்.

அந்தச் சமோவா ஜோ 2005 நடுப்பகுதியில் வந்தவர். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவரை வீழ்த்தியவர் எவருமில்லை என்ற நிலையில் வளர்த்தனர். பின்னர், 2006 நவம்பரில், டபிள்யூ.டபிள்யூ.ஈ.யிலிருந்து புதிதாக வந்த கர்ட் ஆங்கிளிடம் அவரைத் தோற்க வைத்தனர். ஆங்கிள் சாமானியர் அல்லர். 1996ஆம் ஆண்டு அட்லான்டா ஒலிம்பிக்கிற் பொற்பதக்கம் வென்ற மெய்யான மல்லர். 2008 ஏப்ரலில் ஜோ அவரை வென்று உலகப் பட்டத்தைப் பெற்றார் என்பதையும் மறைக்கக்கூடாது. ஆயினும், ஒன்றரை ஆண்டு பொத்திப் பொத்தி வளர்த்த பயிரின் முதல் அறுவடையை அன்று வந்தவர் கையிற் கொடுத்தது ஏன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இதைவிடப் பெரிய தவறு 2010ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. 2009 ஒக்டோபரில் ஹல்க் ஹோகன் ரி.என்.ஏ.யில் ஒப்பந்தமானார். 2025இல் அமரராகிவிட்ட அவர் அமெரிக்க மற்போரில் அனைவரினும் மேலான புகழ் பெற்றவர் என்பதில் ஐயமில்லை. 2010 ஜனவரி 4ஆம் திகதி திங்கட்கிழமை இரவு, டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் நிகழ்ச்சி நடைபெறும் அதே வேளையில் ரி.என்.ஏ. தன் நிகழ்ச்சியை நேரடியாக ஒளிபரப்பிற்று. பழைய பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறின. ரி.என்.ஏ. அதுவரை காணாத எண்ணிக்கையில் மக்கள் பார்த்தனர். இது வெற்றியன்றோ என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஓரிரவுக்கு வெற்றிதான். மார்ச்சு மாதத்தில் நிகழ்ச்சியைத் திங்கட்கிழமைக்கே நிரந்தரமாக மாற்றினர். மே மாதத்தில் தோற்று வியாழக்கிழமைக்குத் திரும்பினர். பார்க்க வந்தவர்கள் பழைய நண்பரை ஒருமுறை கண்டு நலம் விசாரித்துவிட்டு வீடு திரும்பினார்களே தவிர, அங்கேயே தங்கிவிடவில்லை. அதே ஜனவரியில் அறுகோண மேடையும் அகற்றப்பட்டது. தன் அடையாளத்தைத் தானே பெயர்த்தெறிந்த கடைக்காரனை என்னவென்பது!

அந்த ஆண்டின் காட்சிகளில் என் மனத்தை உறுத்துவது ஒன்று. அப்பொழுது ரி.என்.ஏ.யின் உலகச் சம்பியன் ஏ.ஜே. ஸ்டைல்ஸ்தான். அவருக்கு ஆசானாக ரிக் பிளேயர் நியமிக்கப்பட்டார். அறுபதை எட்டியிருந்த பிளேயர் கலையில் நிகரற்ற மேதை; மினுங்கும் நீண்ட அங்கியும் செருக்கு நடையும் அவருடைய முத்திரை. நடந்தது என்னவெனில், எட்டாண்டுகளாக ரி.என்.ஏ.யின் தூணாக நின்ற ஸ்டைல்ஸுக்குப் பிளேயரின் அங்கியைப் போன்றதோர் அங்கியை அணிவித்து, பிளேயரின் நடையையும் நடக்கச் செய்தனர். மாணாக்கன் ஆசானாக வேடங்கட்டினான். ஏப்ரலில் அவருடைய பட்டம் அதற்கு முந்திய மாதம் வந்து சேர்ந்த றொப் வான் டாமுக்குப் போயிற்று. ஸ்டைல்ஸ் பின்னும் சில ஆண்டுகள் பொறுத்திருந்து, 2014 தொடக்கத்தோடு விலகி ஜப்பான் சென்றார். அங்கே அதே ஆண்டு மே மாதத்திற் பெரும்பட்டத்தை வென்றார். 2016இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ.யிற் சேர்ந்து அவ்வாண்டிலேயே அதன் சம்பியனானார். ரி.என்.ஏ. வளர்த்த பயிரைப் பிறர் அறுத்தனர்.

எனவே மூத்தவர்களை அணுகவே கூடாது என்று சொல்ல வருகின்றேனா? இல்லை. மூத்தவர் எதற்காக மேடையேறுகின்றார் என்பதே கேள்வி. இதற்கு விடை தேடின், அதே ரிக் பிளேயரிடந்தான் போகவேண்டியிருக்கின்றது.

1988ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி. வட கரோலினா மாநிலத்துக் கிறீன்ஸ்பரோ நகரம். அன்று பிளேயர் உலகச் சம்பியன், வயது முப்பத்தொன்பது. எதிரே நின்றவர் முகத்திற் சாயம் பூசிய ஸ்டிங் என்னும் இளைஞர். அவர் பெயரை அறிந்தோர் அன்று சிலரே. நாற்பத்தைந்து நிமிடம் இருவரும் பொருதனர். நேரம் முடிந்தது, வெற்றி தோல்வி இல்லை. பிளேயர் தம் பட்டத்தை இழக்கவில்லை. ஆனால், அந்த நாற்பத்தைந்து நிமிடமும் அவர் செய்த வேலையெல்லாம், தம்மெதிரே நின்ற இளைஞன் தமக்கு நிகரானவன் என்று பார்ப்போரை நம்பவைத்ததே. மறுநாட் காலையில் ஸ்டிங் நட்சத்திரமாகிவிட்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்டைல்ஸுக்கு ஆசானாக வந்தவரும் இந்தப் பிளேயரே என்பதை எண்ணிப்பாருங்கள். மனிதர் ஒருவரே, கொடுத்த வேலைதான் வேறு. முன்னதில் இளையவனை அவனாகவே காட்டினார். பின்னதில் இளையவனைத் தம் நிழலாக்கினர்.

இனி இக்காலத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டில் ரொனி கான் என்பவர் ஏ.ஈ.டபிள்யூ. என்னும் கம்பனியைத் தொடங்கினார். பொருள்வளம் மிக்க குடும்பம், ரி.என்.ஏ.யைப் போல் வாராவாரம் கைச்செலவை எண்ணவேண்டிய நிலை இல்லை. முதற் சம்பியனாக அதே ஆண்டு ஓகஸ்டில் கிறிஸ் ஜெரிக்கோவைத் தெரிந்தனர். அவர் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர். ரி.என்.ஏ.யின் முதலிரவைப் போன்றதே இதுவும் என்று அன்று பலர் தலையசைத்திருப்பர். ஆனால் டிசெம்பர் 18ஆம் திகதி ஒன்று நடந்தது. இருபத்திரண்டு வயது நிரம்பிய ஜாக் பெரி என்னும் இளைஞனைப் பத்து நிமிடத்துக்குள் வீழ்த்திக் காட்டுவதாக ஜெரிக்கோ சவால்விட்டார். பத்து நிமிடம் கழிந்தது, வீழ்த்த முடியவில்லை. இளைஞன் வெல்லவில்லை, தாக்குப்பிடித்தான், அவ்வளவே. அரங்கு எழுந்து ஆர்ப்பரித்தது. கிறீன்ஸ்பரோவில் நாற்பத்தைந்து நிமிடத்திற் செய்யப்பட்டதை இங்கே பத்து நிமிடத்திற் செய்தார்கள். (அந்த ஜெரிக்கோவே பிற்காலத்தில் இளையோரின் நேரத்தைப் பிடித்துக்கொள்கின்றார் என்று இரசிகர்கள் முணுமுணுத்ததும் உண்டு. கொடுக்கத் தெரிந்தவருக்கும் எப்போது நிறுத்துவதென்பது எளிதாகத் தெரிவதில்லை போலும்.)

மக்ஸ்வெல் பிரீட்மன், டார்பி அலின், சமி கெவாரா, மேற்சொன்ன பெரி ஆகிய நால்வரையும் அக்கம்பனியின் நான்கு தூண்கள் என்று அழைத்தனர். நால்வரிலும் அலினுக்குக் கிடைத்த வாய்ப்பு விந்தையானது. 2020 டிசெம்பரில் ஸ்டிங் ஏ.ஈ.டபிள்யூ.யிற் தோன்றினார். 1988இல் இளைஞராயிருந்த அதே ஸ்டிங், வயது அறுபத்தொன்று. இவருக்கு உலகப் பட்டம் சூட்டுவார்களோ என்று அஞ்சியவர்கள் உண்டு. அவ்வாறு செய்யவில்லை. அலினின் பக்கத்தில் இணையாக நிறுத்தினர். ஏறத்தாழ மூன்றாண்டு இருவரும் சோடியாகவே பொருதனர். 2024 மார்ச் 3ஆம் திகதி ஸ்டிங்கின் கடைசிப் போட்டி. இடம், அதே கிறீன்ஸ்பரோ. அன்றிரவு அலின் ஏணியின் உச்சியிலிருந்து கண்ணாடிப் பலகைமேற் பாய்ந்து, முதுகிலே குருதி வழிய விழுந்து கிடந்தார். ஸ்டிங் வெற்றியோடும் சோடிப் பட்டத்தோடும் விடைபெற்றார்.

மற்போர் மரபு அறிந்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். விடைபெறுகின்றவன் தோற்றுவிட்டே போகவேண்டும் என்பது அத்தொழிலின் பழைய வழக்கம். தன் புகழை நின்று ஆடப்போகிறவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும். ஸ்டிங் அவ்வழக்கத்தை மீறினார் அன்றோ? உண்மை. அலினிடமே அவர் தோற்றிருந்தால் இன்னும் சிறப்பாயிருந்திருக்கும் என்று வாதிடலாம். என் மட்டில், தோல்வி ஒன்றைக் கொடுத்துவிட்டு மறுவாரம் மறைவதைக் காட்டிலும், மூன்றாண்டு ஒருவனைப் பக்கத்தில் நிறுத்தி, "இவன் எனக்குச் சமன்" என்று வாரந்தோறும் காட்டுவது பெரிய கொடை என்பேன்.

தொலைக்காட்சி நிலையத்தார் தெரிந்த பெயர்களைக் கேட்கின்றனர், மூத்தவரின்றி ஒப்பந்தம் கிடைக்காது என்றொரு வாதம் உண்டு. அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் ரி.என்.ஏ.யிடம் அத்தனை பெயர்கள் இருந்தும், ஸ்பைக் நிலையத்தில் அதற்கிருந்த இடம் 2014ஆம் ஆண்டோடு போயிற்று. இரவல் நகை அணிந்து மணவறையில் இருக்கலாம். அதனை அடகுவைத்து வீடு கட்ட முடியாது.

சொந்தப் பயிர் என்பதற்காகவே ஒருவனைத் தூக்கிப்பிடிப்பதும் பிழைபடலாம். பிரீட்மன் 2022 நவம்பரில், இருபத்தாறு வயதில், ஏ.ஈ.டபிள்யூ.யின் உலகச் சம்பியனானார். பேச்சு வன்மை மிக்கவர். பட்டத்தை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தார். கடைசி மாதங்களில் காயத்தோடே இழுத்தடித்தார் என்று சிலருக்கு அலுப்பும் தட்டிற்று. 2023 டிசெம்பர் 30ஆம் திகதி அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்தவர் யார் என்று நினைக்கின்றீர்கள்? சமோவா ஜோ. ரி.என்.ஏ.யில் ஒன்றரை ஆண்டு வளர்க்கப்பட்டு அன்று வந்தவருக்கு அறுத்துக்கொடுக்கப்பட்ட அதே ஜோ, இப்பொழுது நாற்பத்துநான்கு வயது மூத்தவராக, வேறிடத்தாராக, இன்னொரு கம்பனியின் சொந்தப் பயிரை வீழ்த்தினார்.

அவர் அந்தப் பட்டத்தை நான்கு மாதங்கூட வைத்திருக்கவில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி சென் லூயிஸ் நகரில், ஒற்றையர் உலகப் பட்டம் எதனையும் அதுவரை அக்கம்பனியில் தொட்டறியாத ஸ்வெர்வ் ஸ்ட்ரிக்லண்டிடம் தோற்றார். ஏ.ஈ.டபிள்யூ.யின் உலகப் பட்டத்தைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் ஸ்ட்ரிக்லண்ட். மணி அடித்தபொழுது ஜோ மேடையிற் கிடந்தார். மக்கள் கண்கள் அவர்மேல் இல்லை.