பொங்கல் விழாவும் சர்க்கார் பணமும்

மேற்கு வங்க சர்க்கார் துர்க்கா பூஜைக் கமிட்டிகளுக்கு 2018-ல் தலா ரூ.10,000 கொடுத்தது, 2025-ல் அதுவே ரூ.1,10,000. நம் கரக்பூர் பொங்கலுக்கும் கேட்டு மனுப் போடலாம் என்கிறார்கள். போடுவோம், அது நாமும் கட்டிய வரிப்பணம்தான்.

ஆனால் 2020-ல், கொரோனா காலத்தில், முக்கால் பங்கை முகக்கவசத்துக்கும் கிருமிநாசினிக்கும் செலவிடச் சொன்னது கல்கத்தா உயர்நீதிமன்றம். 2025-ல், முன் வாங்கிய பணத்துக்குக் கணக்குக் காட்டாதவர்களுக்குக் கிடையாது என்றது. நியாயம்தானே! நாமோ சென்ற பொங்கலுக்குப் பந்தல்காரர் ரசீதையே தொலைத்துவிட்டு முழித்தோம். ஆபீசில் பைசா பைசாவாக வவுச்சர் எழுதுகிற நம் லட்சணம் இது!

வீட்டுக்கு வீடு வசூலை மட்டும் நிறுத்தவேண்டாம். அது நின்றால், மேடையில் யார் உட்காருவது என்று பணம் கொடுத்தவர் சொல்வார். ஞாயிறு மாலை பழைய ரசீதுக் கட்டுகளோடு வாருங்கள்.