பரீட்சை முடியட்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பெரிய லட்சியத்தைத் துரத்தும்போது சந்தோஷமாகவும் இருக்க முடியுமா என்று பேசச் சொன்னார் செயலாளர். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் ஏன் கேட்டாரோ! அதனால் இன்னொரு கிளார்க்கைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் ஊர் வழியாகப் போகும் கும்பகோணம் பஸ்ஸில் ஏறினால் அவர் வளர்ந்த ஊருக்கே போய்விடலாம். கணித மேதை ராமானுஜன்தான். கணக்கைத் தவிர வேறெதிலும் மனம் போகாமல் கல்லூரித் தேர்வில் தோற்றவர். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு கிளார்க் ஆனார். மாதச் சம்பளம் 30 ரூபாய். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாது. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார்.

அதே அலுவலகத்தில் அவருக்கு மேலதிகாரி நாராயண ஐயர். அவரும் கணிதம் தெரிந்தவர். இரவில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார்களாம். ராமானுஜன் பத்துப் படியை இரண்டே படியில் தாண்டிவிடுவார். "இடையில் இருப்பதையும் எழுதப்பா, மற்றவர்களுக்குப் புரிய வேண்டாமா" என்கிற மாதிரி ஐயர் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 1914-ல் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். நடுவில் உலகப் போர், குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், நோய். 1919-ல் திரும்பி வந்து, மறு வருடம் 32 வயதில் காலமானார். எல்லாரும் கேம்பிரிட்ஜைப் பற்றித்தான் பேசுகிறார்கள். என் மனசு என்னவோ அந்த இரண்டு சிலேட்டிடமே போகிறது.

காரணம் இருக்கிறது. ஆபீசர் பதவி உயர்வுத் தேர்வு நான் மூன்று முறை எழுதினேன். மாலையில் வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. ஒருநாள் படம் வரைந்து எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். "பரீட்சை முடியட்டும் பாப்பா, அப்புறம் பார்க்கிறேன்" என்றேன். பரீட்சை முடிந்தது, நான் தேறவில்லை. பாப்பா அதற்குப் பிறகு படத்தைக் கொண்டுவரவே இல்லை. போன தீபாவளிக்கு வந்தபோது கேட்டேன். "எந்தப் படம்பா?" என்றாள். அவளுக்கு மறந்துவிட்டது. எனக்கோ அது என்ன படம் என்றே தெரியாது.

தேர்வு எழுதியது தப்பில்லை. தேறியிருந்தால் சம்பளம் கூடியிருக்கும், கடனும் சீக்கிரம் அடைந்திருக்கும். கதவைச் சாத்தியதுதான் அதிகம். சாத்தாமல் படித்திருந்தால் தேறியிருப்பேனா என்று கேட்காதீர்கள், சாத்தியும் தேறவில்லையே!

இப்போது தபால் வழியில் தமிழ் எம்.ஏ. படிக்கிறேன். எதிரில் வீட்டுக்காரம்மா புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறார்கள். நான் உளறினால் கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறார்கள்.

அடுத்த தாளுக்கு இன்னும் 40 நாள் இருக்கிறது. மாலை ஆறு முதல் எட்டு வரை படிப்பேன். கதவு திறந்தேதான் இருக்கும். பின்வரிசைப் பிள்ளைகளே, யாராவது படம் வரைந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.